சீழ் சொல்லும் வரலாறு

நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த 1980களில் எங்கள் விடுதியில் கட்டி வராத பிள்ளை இல்லை. கோடை தொடங்கிவிட்டால் ஒருவனுக்குப் பிடரியில், ஒருவனுக்குத் தொடையில், மற்றொருவனுக்கு உட்காரவே முடியாத இடத்தில் என்று மாறி மாறி வரும். எனக்கு வலது முழங்காலில் வந்தது. அத்தஹிய்யாத்தில் அமர முடியாமல் காலை நீட்டிக்கொண்டு தொழுத அந்தப் பத்து நாள்கள் இன்றும் நினைவில் நிற்கின்றன. யூனானி வைத்தியம் அறிந்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். விரலால் மெல்லத் தொட்டுவிட்டு, "இன்னும் பழுக்கவில்லை, தொடாதே, பழுக்கட்டும்" என்று சொல்லிச் சென்றார். மூன்றாம் நாள் மீண்டும் வந்தார், "நுள்ஜு ஆகிவிட்டது" என்றார், கீறிவிட்டார். மஞ்சளும் பச்சையும் கலந்த சீழ் வெளிப்பட்டது. வலி அந்தக் கணமே இறங்கிற்று.

அரபி இலக்கணம் பயின்றுகொண்டிருந்த எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. நுள்ஜு என்றால் பழுத்தல், பக்குவமடைதல். மரத்தில் கனி பழுப்பதற்கும் அதுவே சொல், அடுப்பில் இறைச்சி வேகுவதற்கும் அதுவே சொல், கட்டிக்கும் அதுவே. தமிழிலும் நாம் கட்டி பழுத்தது என்றுதானே சொல்கிறோம்? உள்ளே பழுப்பது என்ன, அந்தப் பச்சை நிறம் எங்கிருந்து வந்தது என்று பெரியவரிடம் கேட்டேன். "அது கெட்ட கழிவு, போய்விட்டது, பாடத்தைப் பார்" என்றார். அது கழிவு அன்று என்பதை அறிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. மனித இனம் அதை அறிந்துகொள்ள எடுத்துக்கொண்ட காலத்தோடு ஒப்பிட்டால் என் தாமதம் பெரிதன்று.

சொற்களிலிருந்தே தொடங்குவோம். உடலில் ஓரிடம் சிவந்து வீங்குவதை இன்று தமிழில் அழற்சி என்கிறோம். அழல் என்றால் நெருப்பு. இன்றைய அரபியில் அதற்கு இல்திஹாப் என்று பெயர். தீக்கொழுந்தைக் குறிக்கும் லஹப் என்னும் சொல்லின் உறவு அது. அபூலஹப் என்னும் பெயரின் வழியாக அச்சொல்லை அறியாத முஸ்லிம் வீடு இராது. இலத்தீனிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்கு வந்த சொல்லுக்கும் தீமூட்டுதல் என்பதே பொருள். பண்டைய கிரேக்கர் ஃபிளெக்மோனே என்றனர்; அதுவும் எரிதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்ததே. அரபி மருத்துவ நூல்களில் அது ஃபல்கமூனீ என்று உருமாறி வழங்கிற்று. ஒன்றையொன்று அறியாத மொழிகளும் ஒரே நெருப்பைக் கண்டிருக்கின்றன. இன்னொரு சொல்லும் உண்டு. பழைய அரபி நூல்களில் வீக்கத்திற்குப் பொதுப்பெயர் வரம். தமிழ் எழுத்தில் எழுதினால், வேண்டிப் பெறும் வரத்திற்கும் அதற்கும் வேறுபாடே தெரியாது. இது வெறும் ஒலி ஒற்றுமைதான். ஆயினும் இக்கட்டுரையை முடிவுவரை படிப்போர் அதை அவ்வளவு பொருத்தமற்றது என்று கருதமாட்டார்கள்.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய ஆசிரியர் செல்சஸ், அழற்சியின் அடையாளங்களை நான்காகச் சொன்னார்: சிவத்தல், வீங்குதல், சூடு, வலி. இன்றும் மருத்துவ மாணவர்கள் அந்த நான்கையே முதலில் பாடம் செய்கிறார்கள். அடையாளத்தைச் சொல்வது வேறு, காரணத்தைச் சொல்வது வேறு. காரணத்தைத் தேடியவர்கள் காலன் வகுத்த நான்கு கலவைகளை, அதாவது இரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகியவற்றைக் கொண்டே விளக்கம் கூறினர். இப்னு ஸீனா ஏறத்தாழ 1025இல் நிறைவுசெய்த அல்கானூன் ஃபித்திப் என்னும் பெருநூலிலும் வீக்கங்கள் அந்தக் கலவைகளின் வழியாகவே வகை பிரிக்கப்பட்டுள்ளன. எந்தக் கலவை ஓர் உறுப்பில் வந்து தேங்குகிறதோ, அதற்கேற்ற வீக்கம் உண்டாகும், உடலின் இயற்கைச் சூடு அதைப் பக்குவப்படுத்தும், பக்குவமானது வெளியேறும். எங்கள் பெரியவர் சொன்ன நுள்ஜு அந்த மரபிலிருந்து வந்ததே.

இங்கே ஒரு செய்தியை மனம் திறந்து சொல்ல விரும்புகிறேன். நம் மேடைகளில் சிலர், இன்றைய அறிவியல் கண்டவை அனைத்தும் இப்னு ஸீனாவின் நூலில் முன்பே உள்ளன என்று முழங்குகிறார்கள். கேட்போர் மகிழ்கிறார்கள். ஆனால் அது உண்மையன்று. வெள்ளணுக்களை அவர் பார்த்ததில்லை. பார்க்க உதவும் கருவி அவர் காலத்தில் இல்லை. கிருமி என்பதை இன்றைய பொருளில் அவர் அறியார். அவர் செய்த பணி வேறு. சிதறிக் கிடந்த மருத்துவ அறிவை ஒழுங்குபடுத்தி, வீக்கத்தை வீக்கத்தினின்றும் பிரித்துப் பார்க்கும் கண்ணைப் பல நூற்றாண்டு மருத்துவர்களுக்குத் தந்தார். அரபியர் துலைதுலா என்றழைத்த டொலேடோ நகரில், 12ஆம் நூற்றாண்டில் கிரிமோனா ஊரினரான ஜெரார்டு அந்நூலை இலத்தீனில் பெயர்த்தார். அதன்பின் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் அதைப் பாடநூலாகக் கொண்டிருந்தன. இந்தப் பெருமை போதாதா? இல்லாததைச் சேர்த்து அவரை உயர்த்த வேண்டிய தேவை நமக்கு இல்லை.

சீழைப் பற்றி மட்டும் ஒரு பெரிய குழப்பம் நெடுநாள் நீடித்தது. காயத்தில் சீழ் வைப்பது ஆறுதலின் நல்ல அடையாளம் என்று இடைக்கால ஐரோப்பியர் பலர் நம்பினர். சீழ் வராவிட்டால் வரவழைக்கவும் முயன்றனர். 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியைச் சேர்ந்த தியோடரிக் என்னும் அறுவை மருத்துவர் அது தவறு என்று துணிந்து எழுதினார். அவர் சொல் அரங்கேறவில்லை. உண்மையில் இரு தரப்பாரிடமும் பாதி உண்மை இருந்தது. சீழ் வேண்டி வரவேற்கத்தக்க விருந்தாளி அன்று; ஆனால் அது வெறும் அழுக்கும் அன்று. அது போர் முடிந்த களம். அங்கே கிடப்பவை யாருடைய உடல்கள் என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் பெர்லினில் பணியாற்றிய யூலியஸ் கோன்ஹைம். அவருடைய ஆசான் ருடால்ஃப் விர்ஹோ அக்காலத்து நோயியலின் தனிப்பெருந்தலைவர். சீழிலுள்ள உயிரணுக்கள் அந்தந்த இடத்துத் தசைப் பின்னலிலேயே பிறக்கின்றன என்பது விர்ஹோவின் போதனை. 1867இல் கோன்ஹைம் உயிருள்ள தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை விரித்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பொறுமையுடன் பார்த்தார். இரத்த நாளங்கள் விரிந்தன. வெள்ளணுக்கள் நாளத்தின் உட்சுவர் ஓரமாக ஒதுங்கின, ஒட்டிக்கொண்டன, பின் சுவரின் இடுக்கில் நுழைந்து, உடலை இழை போல் நீட்டி நெளித்து, வெளியே வந்தன. சீழ் என்பது இரத்தத்திலிருந்து வெளியேறி வந்த வெள்ளணுக்களின் திரள் என்பது தெளிவாயிற்று. நாளம் விரிவதால் சிவப்பும் சூடும். அதனூடே நீர் கசிவதால் வீக்கமும் அதன் துணையான வலியும். செல்சஸ் சொன்ன நான்கு அடையாளங்களுக்கும் 1800 ஆண்டுகளுக்குப் பின் காரணம் கிடைத்தது. ஆசானின் கருத்தை மாணவரே திருத்தினார். விர்ஹோவின் புகழ் இதனால் குறைந்துவிடவும் இல்லை.

சரி, அவ்வணுக்கள் வெளியே வந்து என்ன செய்கின்றன? அக்கால அறிஞர்கள் பலரின் விடை இன்று நமக்கு விந்தையாகத் தோன்றும். வெள்ளணுக்களுக்குள் கிருமிகள் இருப்பதை அவர்கள் கண்டிருந்தனர். ஆகவே கிருமிகள் அவற்றுக்குள் புகுந்து வளர்கின்றன, அவற்றின் மேல் ஏறி உடலெங்கும் பரவுகின்றன என்று முடிவு செய்தனர். காவலனைக் கள்வனின் குதிரை என்று கருதினர்.

இதைப் புரட்டிப் போட்டவர் இன்றைய உக்ரைன் நாட்டில் பிறந்த இலியா மெச்னிக்காஃப். அவர் மருத்துவர் அல்லர், விலங்கியல் அறிஞர். ஒடெஸ்ஸா பல்கலைக்கழகப் பணியைத் துறந்துவிட்டு, 1882இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் கடலோரமாகக் குடியேறியிருந்தார். ஒருநாள் குடும்பத்தார் குரங்குகளின் வித்தையைக் காண சர்க்கஸுக்குச் சென்றுவிட்டனர். இவர் மட்டும் வீட்டில் இருந்துகொண்டு, கண்ணாடி போன்ற விண்மீன் மீனின் இளம்புழுவை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உடலுக்குள் சில அணுக்கள் ஊர்ந்து திரிந்தன. இவை உணவைத்தான் தேடுகின்றனவா, அன்றி வெளியிலிருந்து வரும் பகையையும் தேடிச் செல்லுமா என்று ஓர் எண்ணம் மின்னலாகத் தோன்றிற்று. தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து சில முட்களை எடுத்து அப்புழுவின் தோலுக்குள் செருகி வைத்தார். இரவெல்லாம் அவருக்கு உறக்கம் இல்லை. விடிந்ததும் பார்த்தார், ஊர்ந்து திரிந்த அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. விண்மீன் மீனுக்கு இரத்த நாளமே கிடையாது. அப்படியானால் அழற்சியின் உயிர்நாடி நாளத்தில் இல்லை, நாடிச்செல்லும் அணுவில் இருக்கிறது! அவ்வேளையில் மெஸ்ஸினாவுக்கு வந்திருந்த விர்ஹோ இதைக் கண்டு ஊக்கம் அளித்தார். கூடவே, நோயியலார் இதற்கு நேர்மாறாகவே கற்பிக்கின்றனர், ஆதலால் எச்சரிக்கையுடன் செல்க என்றும் அறிவுறுத்தினார்.

1884இல் மெச்னிக்காஃப் மற்றோர் ஆய்வை வெளியிட்டார். குளத்து நீரில் வாழும் நீர்ப்பூச்சி ஒன்றை ஊசி போன்ற பூஞ்சை வித்துகள் தாக்குகின்றன. பூச்சியின் அணுக்கள் அவற்றைச் சூழ்ந்து விழுங்கினால் பூச்சி பிழைக்கிறது. விழுங்கத் தவறினால் பூஞ்சை பெருகிப் பூச்சி இறக்கிறது. இவ்வணுக்களுக்கு என்ன பெயரிடலாம் என்று வியன்னாவில் பேராசிரியர் கிளவுஸிடம் கேட்டபோது, உண்ணுதலைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து ஃபாகோசைட் என்னும் பெயர் பிறந்தது. இன்றைய அரபி அறிவியல் நூல்கள் அவை விழுங்கும் செயலை பல்அமா என்கின்றன. பலஅ என்றால் விழுங்கினான் என்பதை மதரஸாவில் முதலாண்டு பயில்வோரும் அறிவர். நாம் விழுங்கணு என்போம்.

அதன்பின் நடந்தது இருபது ஆண்டுச் சொற்போர். ஜெர்மன் அறிஞர்கள் பலர், அணுக்கள் அற்ற இரத்தத் தெளிநீரே கிருமியைக் கொல்கிறது என்று காட்டினர். 1890இல் பேரிங்கும் கிட்டசாட்டோவும் தெளிநீரிலுள்ள நச்சுமுறிவை நிறுவினர். பாரிஸிலிருந்த மெச்னிக்காஃப் ஒவ்வோர் எதிர்ப்புக்கும் ஓர் ஆய்வால் விடை இறுத்தார். 1903இல் லண்டனில் ஆம்ராத் ரைட்டும் டக்ளஸும் இரு சாராரையும் இணைக்கும் பாலத்தைக் கண்டனர். தெளிநீரிலுள்ள சில பொருள்கள் கிருமியின்மீது படிந்தால், வெள்ளணு அதை எளிதில் பிடித்து விழுங்குகிறது. சோற்றுக்குக் கறி அமைவதுபோல என்று கொள்ளலாம். அவர்கள் இட்ட பெயரான ஆப்சோனின் என்பதும் கறியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே வந்தது. 1908இல் நோபல் பரிசு மெச்னிக்காஃபுக்கும், எதிர்முகாமின் முதல்வரான பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

எர்லிக்கைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. இளமையில், 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில், துணிக்குச் சாயமிடும் நிறங்களால் அவர் வெள்ளணுக்களைத் தோய்த்துப் பார்த்தார். அவற்றினுள்ளே மணல் தூவியதுபோல நுண்ணிய மணிகள் தெரிந்தன. ஒரு வகை அணுவின் மணிகள் அமிலச் சாயத்தை ஏற்றன; ஒரு வகை காரச் சாயத்தை ஏற்றன; எண்ணிக்கையில் மிகுந்த வகையோ நடுநிலைச் சாயத்தையே ஏற்றது. அதனால் அதற்கு நியூட்ரோஃபில் என்று பெயர் வந்தது. கிருமிகளை அழிக்கும் படைக்கலங்கள் அந்த மணிகளுக்குள்ளேதான் இருந்தன. வெள்ளணுக்களைவிடத் தெளிநீரையே பெரிதென்று வாதாடியவர், வெள்ளணுவின் ஆயுதக் கிடங்கைத் தம் கையாலேயே நிறமேற்றிப் பார்த்திருக்கிறார். அது கிடங்கு என்று அறிந்திலர்.

விழுங்குதல் வேறு, கொல்லுதல் வேறு. சண்டையின் ஆரவாரத்தில் இந்த வேறுபாட்டைப் பலர் ஆழ்ந்து நோக்கவில்லை. மெச்னிக்காஃப் நோக்கினார். நீல லிட்மஸ் துகள்களை ஓரணு உயிர்களுக்கு ஊட்டிப் பார்த்தார். உள்ளே சென்ற துகள் சிவந்தது. எனவே உள்ளே அமிலம் இருக்கிறது, இரைப்பையைப் போல ஒரு செரிமானம் நடக்கிறது என்று கருதினார். அதைச் செய்யும் பொருளுக்கு சைட்டேஸ் என்று பெயரும் வைத்தார். 1906இல் அமெரிக்க நோயியலார் யூஜீன் ஓப்பி அழற்சி நீரிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, அவற்றில் புரதத்தைக் கரைக்கும் நொதிகள் இருப்பதைக் காட்டினார். நொதி என்பது, தான் செலவாகாமல் பிற பொருளை மாற்றியமைக்கும் புரதம். வெறும் சோற்றை வாயிலிட்டு நெடுநேரம் மென்றால் இனிக்கிறதல்லவா? உமிழ்நீரிலுள்ள நொதி மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைப்பதே அதன் காரணம். அவ்வாறே கிருமியையும் உடைக்கும் நொதி எது?

முதல் விடை ஒரு சளியிலிருந்து வந்தது. 1921 நவம்பரில் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில், ஜலதோஷத்தில் இருந்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் தம் மூக்குச்சளியையே ஆய்வுக்கு எடுத்தார். சளி பட்ட இடத்தில் ஒருவகைக் கிருமிகள் கரைந்து மறைந்தன. கண்ணீரிலும் அதே ஆற்றல் இருப்பதைக் கண்டார். கண்ணீர் வேண்டி உடன் பணியாற்றியோரின் கண்ணருகே எலுமிச்சையைப் பிழிந்தார் என்பர். முட்டையின் வெள்ளைக் கருவிலும், நமக்கு வேண்டிய வெள்ளணுக்களிலும் அது இருந்தது. 1922இல் வெளியான அவருடைய கட்டுரை அதனை லைசோசைம் என்று அறிமுகப்படுத்திற்று. பெனிசிலின் கண்ட ஃபிளெமிங்கையே உலகம் போற்றுகிறது. அதற்கு ஏழாண்டு முன்னர் அவர் கண்ட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனெனில் பெனிசிலின் பூஞ்சையின் உடைமை, லைசோசைம் நம் கண்ணீரின் உடைமை.

லைசோசைம் செய்வது என்ன? பாக்டீரியாவைச் சுற்றி ஓர் உறுதியான சுவர் உண்டு. மீன் வலை போன்ற அமைப்பு அது. இருவகைச் சர்க்கரைக் கண்ணிகள் மாறி மாறிக் கோத்த இழைகளைச் சிறு புரதத் துண்டுகள் குறுக்கே பிணைத்திருக்கும். அந்தக் கண்ணிகளுக்கு இடையிலுள்ள கட்டை லைசோசைம் அறுக்கிறது. சுவர் நைந்ததும் உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடிக்கிறது. கோழி முட்டை லைசோசைமின் முழு உருவத்தை 1965இல் டேவிட் ஃபிலிப்ஸும் அவர் குழுவினரும் எக்ஸ் கதிரால் வரைந்தபோது, சர்க்கரை இழை வந்து பொருந்தும் பள்ளம் கூடத் தெரிந்தது. நொதி ஒன்றின் வடிவம் முழுமையாகக் காணப்பட்டது அதுவே முதன்முறை. எனினும், கொடிய கிருமிகள் பலவற்றை லைசோசைம் தனித்து வெல்ல இயலாது. ஃபிளெமிங்குக்கே அது ஏமாற்றம். வேறு ஆயுதங்களும் இருக்க வேண்டும்.

அவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதைப் பெல்ஜியத்தின் லூவேன் நகரில் கிறிஸ்டியன் டி டூவ் கண்டார். அவர் தேடியது வேறொன்று. எலியின் ஈரலில் இன்சுலின் என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு நொதி புதிதாக எடுத்த ஈரலில் சோர்ந்து கிடந்தது. குளிர்பெட்டியில் சில நாள் வைத்திருந்தபின் பன்மடங்கு வேகம் பெற்றது. பிழை என்று எறிந்துவிடாமல் அவர் காரணம் தேடினார். அந்நொதி ஒரு மெல்லிய பைக்குள் அடைபட்டிருக்கிறது, பை கிழிந்தால்தான் வெளிப்படுகிறது என்று தெரிந்தது. 1955இல் அப்பைகளுக்கு லைசோசோம் என்று பெயரிட்டார். அணுவைத் தன் நொதியே தின்றுவிடாதிருப்பது இந்தப் பையினால்தான். வாள் உறையில் இருக்கிறது.

1960இல் நியூயார்க் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் சான்வில் கோனும் ஜேம்ஸ் ஹிர்ஷும் முயலின் நியூட்ரோஃபில் மணிகளைத் தனியே பிரித்தெடுத்தனர். எர்லிக் நிறமேற்றிய அதே மணிகள்! அவை நொதிகள் நிறைந்த பைகள் என்று உறுதியாயிற்று. 1962இல் ஹிர்ஷ் இதைத் திரைப்படமாகவே எடுத்து வெளியிட்டார். நியூட்ரோஃபில் கிருமியைச் சூழ்ந்து விழுங்குகிறது. விழுங்கிய கிருமி ஒரு குமிழுக்குள் அடைபடுகிறது. மணிகள் ஒவ்வொன்றாக அக்குமிழோடு கலந்து வெடித்து மறைகின்றன. மெச்னிக்காஃப் ஊகித்த செரிமானம் எண்பது ஆண்டு கழிந்து கண்ணால் காணப்பட்டது. மணிகளில் லைசோசைம் மட்டும் இல்லை. புரதத்தை அறுக்கும் எலாஸ்டேஸும் கதெப்சினும் உள்ளன; கிருமிக்கு வேண்டிய இரும்பைப் பறித்துக்கொள்ளும் லாக்டோஃபெரின் உள்ளது; 1985இல் லாஸ் ஏஞ்சலிஸில் பெயர் பெற்ற டிஃபென்சின்கள், கிருமியின் மென்தோலில் துளையிடுகின்றன.

இனி அந்தப் பச்சை நிறத்திற்கு வருவோம். 1941இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஷெல் ஆக்னர் சீழிலிருந்து ஒரு பச்சை நிற நொதியைத் தூய்மையாகப் பிரித்தார். பச்சை என்னும் பொருள் தரும் சொல்லைச் சேர்த்து வெர்டோபெராக்ஸிடேஸ் என்றார். இன்று அதன் பெயர் மைலோபெராக்ஸிடேஸ். இரும்பு அணு பொதிந்த இந்நொதி நியூட்ரோஃபிலில் ஏராளமாக உண்டு. என் முழங்காலிலிருந்து வழிந்த பச்சை அதுதான். அதன் வேலை என்ன என்பது மட்டும் கால் நூற்றாண்டு புதிராகவே இருந்தது.

இதற்கிடையில் மற்றொரு புதிர். 1933இல் பால்ட்ரிட்ஜும் ஜெரார்டும், நாயின் வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கும்போது திடீரென ஆக்ஸிஜனை மிகுதியாக உட்கொள்வதைக் கண்டனர். விழுங்கும் உழைப்புக்கு மூச்சு வாங்குகிறது என்று எண்ணினர். பாரம் தூக்கினால் நாம் மூச்சு வாங்குகிறோம் அல்லவா? இயல்பான எண்ணந்தான், ஆனால் பிழை. 1959இல் ஸ்பாராவும் கார்னோவ்ஸ்கியும் அந்தச் சுவாசத்திற்கும் உழைப்புக்கும் தொடர்பில்லை என்று காட்டினர். அது மூச்சு அன்று; ஆயுதப் பட்டறை. உட்கொண்ட ஆக்ஸிஜனை வெள்ளணு சூப்பர்ஆக்ஸைடு ஆக்குகிறது. அது ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாறுகிறது. 1967இல் சியாட்டிலில் சேமூர் கிளெபனாஃப் இரு புதிர்களையும் ஒன்றாக அவிழ்த்தார். பச்சை நொதியானது அந்தப் பெராக்ஸைடையும், உப்பிலுள்ள குளோரைடு போன்றவற்றையும் இணைத்துக் கிருமியைக் கொல்கிறது. குளோரைடிலிருந்து பிறக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலம் நாம் கிணற்றில் இடும் பிளீச்சிங் பவுடரின் ஆற்றலுக்குக் காரணமான அதே பொருள். முதலாம் உலகப் போரில் காயங்களைக் கழுவ டேக்கின் என்பவர் வகுத்த கரைசலும் அந்த இனத்தைச் சேர்ந்ததே.

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்து விந்தைகள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1957இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பெரெண்டஸ், பிரிட்ஜஸ், குட் ஆகிய மருத்துவர்கள் புதிய நோய் ஒன்றை விவரித்தனர். சிறுவர்கள் சிலருக்குக் கட்டி மேல் கட்டி. கழுத்தில், ஈரலில், நுரையீரலில் சீழ். இரத்தத்தில் வெள்ளணு குறைவில்லை, தெளிநீரிலும் குறையில்லை. ஆயினும் குழந்தைப் பருவத்திலேயே அவர்கள் இறந்தார்கள். அந்நோய்க்கு இட்ட பெயரிலேயே உயிர்க்கொல்லி என்னும் அடைமொழி இருந்தது. பத்தாண்டு கழித்து, 1967இல், அதே குழுவைச் சேர்ந்த குவீயும் துணைவர்களும் அச்சிறுவர்களின் வெள்ளணுக்களைக் கிருமிகளோடு சேர்த்துப் பார்த்தனர். வெள்ளணு கிருமியைத் தேடிச் சென்றது, பிடித்தது, விழுங்கிற்று. பின்னர்? ஒன்றும் நடக்கவில்லை. விழுங்கப்பட்ட கிருமி உள்ளே உயிரோடு இருந்தது. அந்த ஆக்ஸிஜன் வேகம் அவ்வணுக்களில் எழவே இல்லை. விழுங்குதல் வேறு, கொல்லுதல் வேறு என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுமா? காவலன் வாயிலில் நிற்கிறான், கள்வனைப் பிடித்தும் விடுகிறான், கையில் வாள் இல்லை. மெச்னிக்காஃபுக்கு முற்பட்டோர் அஞ்சியது இக்குழந்தைகளிடம் மட்டும் மெய்யாயிற்று. உயிரோடுள்ள கிருமி வெள்ளணுவின் உள்ளே பாதுகாப்பாகத் தங்கிவிட்டது.

அதில் ஒரு நுட்பம் உண்டு. சில கிருமிகள், எடுத்துக்காட்டாக நிமோனியாவை உண்டாக்கும் ஒருவகை, தாமே ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்கி வெளிவிடுபவை. இச்சிறுவர்களுக்கு அவற்றால் பெருந்தொல்லை இல்லை. கிருமி கொண்டுவந்த பெராக்ஸைடையே பச்சை நொதி எடுத்துக்கொண்டு அதைக் கொன்றுவிடுகிறது!

ஏறத்தாழ இரண்டு லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிடுகின்றனர். பெரும்பாலும் தாயின் வழியாக ஆண் குழந்தைகளுக்கு வருகிறது. அதற்குரிய மரபணு 1986இல் கண்டறியப்பட்டது. தாய் தந்தை இருவர் வழியாகவும் வரும் வகைகளும் உள்ளன. அவை உறவுக்குள் மணம் செய்யும் வழக்கம் மிகுந்த துருக்கி, ஈரான், அரபு நாடுகள் ஆகியவற்றில் கூடுதலாகக் காணப்படுகின்றன. மாமன் மகள், அத்தை மகன் என்று பெண் கொண்டு கொடுக்கும் நம் ஊர்களில், ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பிள்ளை தீராத கட்டியும் சீழும் வந்தால் அதைக் கண்ணேறு என்று விட்டுவிடாமல் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் நிறச் சாயம் ஒன்றை நலமுள்ள வெள்ளணு நீலமாக்கும்; நோயுற்றது ஆக்காது. 1968இல் வெளிவந்த இந்த எளிய சோதனைக்குப் பின் நுட்பமான முறைகளும் வந்துவிட்டன. இன்று நாள்தோறும் தரும் கிருமிக்கொல்லி மருந்துகளாலும், எலும்பு மஜ்ஜை மாற்றத்தாலும் அக்குழந்தைகளில் பலர் வளர்ந்து பெரியவர்களாகின்றனர்.

பச்சை நொதியே முதன்மையான ஆயுதம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடவும் இயலாது. பிறவியிலேயே அந்நொதி இல்லாதவர்கள் சில ஆயிரம் பேரில் ஒருவர் இருக்கின்றனர்; அவர்களில் பெரும்பாலோர் நோயின்றி வாழ்கின்றனர். 2002இல் லண்டன் ஆய்வாளர்கள், ஆக்ஸிஜன் வேகத்தின் பெரும்பயன் எலாஸ்டேஸ் முதலிய நொதிகள் வேலை செய்வதற்கேற்ற உப்பு நிலையைக் குமிழுக்குள் அமைத்துத் தருவதே என்று வாதிட்டனர். அந்த வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. முடிவடையாத வாதத்தில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆயினும் ஒரே வாளை நம்பிப் படை அனுப்பப்படவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

வாள் உறையை விட்டு வெளியே சிந்தினால் நம் உடலையும் அறுக்கும். கட்டியைச் சுற்றியுள்ள நம் தசையும் கரைவது அதனால்தான். கட்டி பழுத்தல் என்பது பாதி இந்தக் கரைதலே. இதைக் கட்டுப்படுத்த ஈரல் ஒரு தடுப்புப் புரதத்தை இரத்தத்தில் விடுகிறது. 1963இல் ஸ்வீடனில் லாரெல், எரிக்சன் என்னும் இருவர், அப்புரதம் குறைந்தோர்க்கு நுரையீரல் நடுவயதிலேயே சிதைவதைக் கண்டனர். எலாஸ்டேஸைத் தடுக்க ஆள் இல்லாததால் வந்த கேடு அது. நலமுள்ளவரின் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் நியூட்ரோஃபில்களைப் பிறப்பிக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஓரிரு நாள்களில், வாளை உருவாமலேயே ஓய்ந்து, பிற அணுக்களால் அமைதியாக அகற்றப்படுகின்றன.

சீழைப் பற்றி இன்னும் ஒன்று. 1869இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஃப்ரீட்ரிஷ் மீஷர் என்னும் இளைஞர், அறுவை மருத்துவமனை எறியும் கட்டுத்துணிகளைக் கேட்டு வாங்கினார். துணியில் ஊறியிருந்த சீழைக் கழுவி, வெள்ளணுக்களின் உட்கருவைப் பிரித்து, அதுவரை எவரும் அறியாத ஒரு பொருளைக் கண்டார். நியூக்ளின் என்று பெயரிட்டார். உயிர்களின் மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் பேசுவது அதையே. அது சீழுக்குள் வந்தது இறந்த அணுக்களின் எச்சமாக என்றே நெடுங்காலம் கருதினர். 2004இல் பெர்லினின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பிரிங்க்மனும் சைக்லின்ஸ்கியும் துணைவர்களும் வேறொன்றைக் கண்டனர். நியூட்ரோஃபில் தன் உட்கருவை அவிழ்த்து, அந்த டி.என்.ஏ.வையே இழை இழையாக வெளியே வீசி வலை விரிக்கிறது. வலையின் கண்ணிகளில் எலாஸ்டேஸ் முதலிய மணி நொதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விழுங்கப்படாத கிருமிகள் அதில் சிக்கி மடிகின்றன. மீஷர் கழுவி எடுத்த கட்டுத்துணிகளிலும் அந்த வலையின் இழைகள் கிடந்திருக்கக்கூடும்.